உருண்டை மரத்தூண் ஏன் வெடிக்கிறது?

ஜார்ஜ்டவுனில் பழைய வீடு வாங்குபவர்களும், அதைத் தங்கும் விடுதியாக மாற்ற நினைப்பவர்களும் தச்சரிடம் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "தூண் வெடித்திருக்கிறதே, தாங்குமா?" என்பது. பருத்த உருண்டைத் தூணில் மேலிருந்து கீழாக ஒரு பிளவு ஓடும். சில இடங்களில் விரல் நுனி நுழையும். பார்த்ததும் பயம் வருவதில் வியப்பில்லை. காங்கிரீட்டில் அப்படி ஒரு பிளவு விழுந்தால் உடனே பொறியாளரைக் கூப்பிட வேண்டும், கல்லில் விழுந்தாலும் அப்படித்தான். மரத்தில் மட்டும் கணக்கு வேறு. பெரும்பாலான முழுமரத் தூண்களில் அந்தப் பிளவு, தூண் நட்ட முதல் சில ஆண்டுகளிலேயே விழுந்திருக்கும். அதற்குப் பிறகு எத்தனையோ மழைக்காலங்களை அந்தத் தூண் பார்த்திருக்கும்.

பிளவு ஏன் விழுகிறது என்று தெரிந்துகொண்டால், பெரிய மரத்தூண் செய்யும் கலை ஏறக்குறைய முழுவதும் விளங்கிவிடும். மரத்தை உருட்டாக்குவது அந்த வேலையில் சுலபமான பாதி. உருட்டாக்கிய மரம் தன் போக்கில் சுருங்கும்போது அதற்கு இடம் கொடுப்பதுதான் கடினமான பாதி.

பினாங்கில் நின்று இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. மரம் விளையும் நாட்டுக்கும் மரத்தால் வீடு கட்டிய மக்களுக்கும் நடுவில் இருந்த துறைமுகம் இது. லெபோ பினாங்கில், அதாவது நம்மவர்கள் பினாங்கு ஸ்ட்ரீட் என்று சொல்லும் தெருவில், செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தாரின் கிட்டங்கிகள் என்னும் வணிகக் கூடங்கள் வரிசையாக இருந்தன. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படும் கோயில் வீடும் அங்கேதான். ரதம் போய்ச் சேரும் தண்ணீர்மலைக் கோயில் 1857இல் எழுந்தது. அதே நகரத்தார் மோல்மீனிலும் ரங்கூனிலும் கடை வைத்திருந்தார்கள். பர்மாவிலும் மலாயாவிலும் சிலோனிலும் சேர்த்த பணம் காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி என்று செட்டிநாட்டு ஊர்களில் வீடுகளாக நின்றது. அந்த வீடுகளின் வளவு என்னும் நடுமுற்றத்தைச் சுற்றி நிற்கும் தூண்களில் பெரும் பகுதி பர்மாத் தேக்கு. மலாய்த் தீபகற்பத்தில் அதே இடத்தைப் பிடித்தது செங்கால் மரம். திரெங்கானுவில் கடலோடும் படகுக்கும், ரயில் தண்டவாளத்தின் அடிக்கட்டைக்கும், வீட்டுத் தூணுக்கும் அதைத்தான் முதலில் தேடுவார்கள். காய்ந்த தேக்கு ஒரு கனமீட்டர் சுமார் 650 கிலோ எடை இருக்கும், செங்கால் 900 கிலோவைத் தாண்டும். 40 சென்டிமீட்டர் விட்டமும் 4 மீட்டர் உயரமும் உள்ள ஒரு தூண் அரை கனமீட்டர் மரம். தேக்கென்றால் 325 கிலோவுக்குக் குறையாது, செங்கால் என்றால் அரை டன்னை நெருங்கும்.

இனி மரத்துக்குள் போவோம்.

மரம் என்பது நெடுக்காக அடுக்கிக் கட்டிய வைக்கோல் கட்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வைக்கோலும் ஒரு செல். வெட்டிய புதிதில் இரண்டு இடங்களில் தண்ணீர் இருக்கிறது: குழலின் உள்வெளியில் கொஞ்சம், குழலின் சுவருக்குள் ஊறியபடி கொஞ்சம். உள்வெளியில் இருக்கும் தண்ணீர் வெளியேறும்போது மரத்தின் எடை குறையும், அளவு மாறாது. அது முழுக்கப் போய், மரத்தின் உலர் எடையில் 25 முதல் 30 சதவீதம் மட்டும் ஈரம் மிஞ்சியிருக்கும் கட்டத்தில், சுவரிலிருந்து தண்ணீர் வெளியேறத் தொடங்கும். மரம் சுருங்குவது அங்கிருந்துதான்.

இந்தச் சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றாக இருந்தால் எந்தத் தூணும் வெடிக்காது, அளவில் கொஞ்சம் சிறிதாகும், அவ்வளவுதான். ஆனால் மரம் அப்படிப்பட்ட பொருள் இல்லை. நெடுக்குவாட்டில் அது சுருங்குவதே இல்லை என்று சொல்லிவிடலாம். நடுவிலிருந்து பட்டையை நோக்கிப் போகும் திசையில் தேக்கு, பச்சை நிலையிலிருந்து முழுக்க உலரும் வரை சுமார் 2.5 சதவீதம் சுருங்கும். வளையத்தின் போக்கில், அதாவது சுற்றளவின் திசையில், சுமார் 5.8 சதவீதம் சுருங்கும். இரண்டு மடங்குக்கும் மேல். நடுவிலிருந்து வெளியே ஓடும் கதிர்த் திசுக்கள் அந்தத் திசையில் மரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்வது இதற்கு ஒரு முக்கியக் காரணம். தேக்காவது நல்ல பிள்ளை. பல மரங்களில் இந்த எண்கள் இதைவிடப் பெரியவை.

இப்போது 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள அந்தத் தூணை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 1,257 மில்லிமீட்டர். பினாங்கின் காற்றில் மரம் முழுக்க உலர்வதில்லை, 15 சதவீத ஈரத்தில் நின்றுவிடும். ஆகவே மேலே சொன்ன சுருக்கத்தில் ஏறக்குறைய பாதிதான் நடக்கும். அந்தப் பாதியில் சுற்றளவுத் திசைக்கும் ஆரத் திசைக்கும் உள்ள வித்தியாசம் 1.65 சதவீதம். சுற்றளவில் அது 21 மில்லிமீட்டர். தூணின் ஆரம் கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது, ஆனால் அதைச் சுற்றி மூட வேண்டிய மரம் 21 மில்லிமீட்டர் போதாமல் இருக்கிறது. போதாத இடம் எங்காவது வாய் திறந்துதானே ஆக வேண்டும்? ஒரே பிளவாகத் திறந்தால் முக்கால் அங்குலத்துக்கு மேல். பல சிறு பிளவுகளாகப் பங்கு போட்டுக்கொண்டால் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. நடுநெட்டி உள்ளே இருக்கும் முழுமரத் தூணுக்கு இது விதி. தச்சரின் திறமைக் குறைவு இதில் எதுவும் இல்லை.

"நன்றாகக் காயவைத்த பிறகு தூண் செய்தால் போகிறது" என்று தோன்றும். இங்கேதான் பருமன் குறுக்கே வருகிறது. உலரும் நேரம் கனத்தைப் பொறுத்து இரட்டிப்பதில்லை, இருபடியாக ஏறுகிறது. கனம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. ஒரு அங்குலப் பலகை மூன்று மாதத்தில் காய்கிறது என்று வைத்துக்கொண்டால், 16 அங்குலக் கனம் காய 256 மடங்கு நேரம் வேண்டும், அதாவது 64 ஆண்டுகள். உருண்டை மரம் சுற்றிலும் காய்வதால் இதில் பாதிக்கும் கீழே வரும். அப்படியும் ஒரு தலைமுறைக் காலம். மரம் வாங்கிய தாத்தாவுக்கு வீடு கிடைக்காது.

பர்மாவின் காடுகளில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். வெட்ட வேண்டிய தேக்கை முதலில் வெட்டுவதில்லை. அடியில் சுற்றிலும் பட்டையையும், அதன் கீழுள்ள வெளிர் மரத்தையும், வைரம் தெரியும் வரை வளையமாகச் செதுக்கி எடுத்துவிடுவார்கள். வேரிலிருந்து தண்ணீர் ஏறும் வழி அடைபடும். மரம் நின்றபடியே செத்து, நின்றபடியே காயும். இரண்டு மூன்று ஆண்டு கழித்துத்தான் கோடரி வைப்பார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் சரியாக மிதக்காது, இப்படிக் காய்ந்த தேக்கு மிதக்கும். யானை இழுத்து ஓடையில் தள்ள, மழைவெள்ளம் அதை ஆற்றுக்குக் கொண்டுவர, ஐராவதியில் தெப்பமாகக் கட்டி ரங்கூனுக்கு இறக்கினார்கள். காட்டிலிருந்து துறைமுகம் வந்து சேர ஆண்டுகள் ஆகும். வியாபாரிக்கு அது வெறும் தாமதம். தூண் செய்பவருக்கு அது விலைமதிப்பில்லாத காயும் காலம். செட்டிநாட்டுத் தூண்கள் அவ்வளவு அமைதியாக நிற்பதில் இந்த மெதுவான பயணத்துக்கும் பங்குண்டு என்பது என் எண்ணம்.

சரி, மரம் வந்துவிட்டது. எப்படி உருட்டுவது?

கடைசல் இயந்திரத்தில் சுற்றவிட்டுக் கடைவது ஒரு வழி. நாற்காலிக் காலுக்கு அது போதும். அரை டன் மரத்தை இரண்டு முனையில் பிடித்துச் சுற்றவிடுவதற்குப் பெரிய பட்டறை வேண்டும். இன்றைய பட்டறைகளில் மரத்தை மெதுவாக உருட்டிக்கொண்டே, அதன் நெடுக்கில் ஒரு வெட்டும் கருவியை ஓட்டுகிறார்கள். இயந்திரம் இல்லாத காலத்தில் ஆசாரி செய்தது வேறு, இன்றும் கையால் செய்பவர்கள் அதையே செய்கிறார்கள்: வட்டத்தை நேராகத் தேடிப் போகாமல், சதுரத்திலிருந்து அதற்கு நடந்து போவது.

மரத்தைக் கட்டைகளின் மேல் கிடத்தி அசையாமல் ஆப்பு வைக்க வேண்டும். இரண்டு முனையின் வெட்டுமுகத்திலும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒரு செங்குத்துக் கோடு, மூலைமட்டம் வைத்துக் குறுக்காக இன்னொரு கோடு. இரண்டு முனையிலும் குண்டு ஒரே திசையைத்தான் காட்டும் என்பதால், மரம் வளைந்திருந்தாலும் முறுக்கியிருந்தாலும் இந்தக் கோடுகள் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கும். அவை வெட்டும் புள்ளிதான் தூணின் அச்சு. இனி அளக்க வேண்டியதெல்லாம் இந்தப் புள்ளியிலிருந்து. முனைகளில் சதுரம் வரைந்து, முனைக்கு முனை நூல் பிடித்து, சாயக்கோடு அடித்து, வாச்சியால் நான்கு பக்கமும் செதுக்கினால் நேரான சதுரத் தூண் கிடைக்கும்.

அடுத்தது எட்டுப் பட்டை. சதுரத்தின் ஒவ்வொரு மூலையையும் எவ்வளவு வெட்டினால் எட்டுப் பக்கமும் சமமாக வரும்? கணக்குப்படி ஒரு பக்கத்தை 0.293 : 0.414 : 0.293 என்று பிரிக்க வேண்டும். பாய்மரக் கம்பம் செய்யும் தச்சர்கள் இதற்கு முழு எண்களில் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்: 7, 10, 7. கூட்டினால் 24. இரண்டடி அளவுகோலில் 24 அங்குலம் இருக்கிறது. நம் கணக்கிலும் 12 விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம், ஆக முழக்கோலில் 24 விரல். தூணின் பக்கம் 24ஐ விடக் குறுகலாக இருந்தாலும் கவலை இல்லை. கோலைச் சாய்த்து, அதன் இரண்டு நுனியும் பக்கத்தின் இரண்டு ஓரங்களைத் தொடும்படி வைத்து, 7லும் 17லும் புள்ளி வைத்தால் போதும். சாய்த்தாலும் விகிதம் மாறாது. பிழை எவ்வளவு? 40 சென்டிமீட்டர் தூணில் அரை மில்லிமீட்டர். தூண் நுனியில் ஒடுங்கிக்கொண்டே போனாலும், நெடுக அங்கங்கே கோலை வைத்துப் புள்ளியிட்டு இணைத்துவிட்டால் எட்டுப் பட்டையும் தானாக ஒடுங்கும்.

எட்டிலிருந்து பதினாறு, பதினாறிலிருந்து முப்பத்திரண்டு. ஒவ்வொரு முறை மூலையைச் சீவும்போதும் வட்டத்துக்கு வெளியே துருத்தி நிற்கும் மரம் நான்கில் ஒரு பங்கு என்ற அளவில் குறைந்துகொண்டே போகிறது. நம் தூணில் சதுரத்தின் மூலை வட்டத்துக்கு வெளியே 83 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். எட்டுப் பட்டையில் அது பதினாறரை மில்லிமீட்டர். பதினாறு பட்டையில் 4. முப்பத்திரண்டில் 1 மில்லிமீட்டர். அதற்கு மேல் இழைப்புளி பார்த்துக்கொள்ளும். பிறை வடிவில் வெட்டிய ஒரு அச்சுப் பலகையைத் தூணின் மேல் வைத்து நகர்த்திக்கொண்டே போய், வெளிச்சம் கசியும் இடத்தை விட்டு, இடிக்கும் இடத்தை இழைத்தால் வேலை முடிந்தது.

இந்த வரிசையை நம் மரபு அறிந்திருந்தது. மானசாரம் என்னும் சிற்ப நூல் சதுரத் தூணைப் பிரம்மகாந்தம் என்றும், எண்பட்டைத் தூணை விஷ்ணுகாந்தம் என்றும், உருண்டைத் தூணை ருத்ரகாந்தம் என்றும் வகுக்கிறது. சிவலிங்கத்திலும் இதே ஏற்பாடுதான்: அடியில் சதுரமான பிரம்ம பாகம், நடுவில் எட்டுப் பட்டையுள்ள விஷ்ணு பாகம், மேலே உருண்டையான ருத்ர பாகம். இந்தத் தத்துவத்துக்கு அறிஞர்கள் பல விளக்கம் சொல்லலாம். உளி பிடித்த ஒருவர் பார்த்தால், சதுரத்திலிருந்து எண்பட்டை வழியாக வட்டத்துக்குப் போகும் வேலையின் மூன்று கட்டங்களும் ஒரே கல்லில் நிற்பது அவருக்குத் தெரியும். மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டு பொறித்தது 7ஆம் நூற்றாண்டில். அதைச் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அதற்கு முன் மரத்தால் கட்டுவது வழக்கமாக இருந்திருக்கிறது. பல்லவர் குடைவரைத் தூண்களில் சதுரத்துக்கு நடுவே வரும் எண்பட்டைக் கட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரத்தச்சரின் கைதான் நினைவுக்கு வருகிறது.

உருட்டியாகிவிட்டது. பிளவை என்ன செய்வது? உலகம் முழுவதும் தச்சர்கள் இதற்கு விடை தேடியிருக்கிறார்கள்.

ஜப்பானியத் தச்சர்கள், எப்படியும் வெடிக்கப்போகிறது, அது நாம் சொல்லும் இடத்தில் வெடிக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். தூணின் ஒரு பக்கத்தில், சுவரைப் பார்த்து மறையப்போகும் பக்கத்தில், நெடுக ரம்பத்தால் நடுநெட்டி வரை ஒரு வெட்டுப் போட்டுவிடுவார்கள். சுருங்க வேண்டிய 21 மில்லிமீட்டரும் அந்த வெட்டிலேயே திறந்துகொள்ளும். கண்ணில் படும் பக்கங்கள் வழுவழுப்பாக இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது, ஏனென்றால் மரத்தோடு இதில் சண்டையே இல்லை.

இன்னொரு வழி, நடுநெட்டியையே நெடுகத் துளைத்து எடுத்துவிடுவது. உள்ளேயும் காற்றுப் படும், உள்ளிருந்தும் காயும், சுருக்கத்தின் இறுக்கம் பெருமளவு தளரும். நீளமான துரப்பணம் வேண்டும் என்பதுதான் சிரமம்.

மூன்றாவது வழி பெரிய மரம் கிடைக்காதபோது பிறந்தது. 1103இல் சோங் அரசு வெளியிட்ட யிங்ஸாவ் ஃபாஷி என்னும் கட்டடக்கலை நூலில் இரண்டு, மூன்று, நான்கு துண்டுகளைச் சேர்த்து ஒரே தூணாக்கும் முறை படத்தோடு இருக்கிறது. அதற்கும் முன்பே, 1013இல் கட்டிய நிங்போ பாவ்குவோ கோயிலில் சிறு மரங்களைச் சேர்த்துச் செய்த தூண்கள் இன்றும் நிற்கின்றன. மிங் பேரரசர் யோங்லேயின் கல்லறை மண்டபத்தில் 1.17 மீட்டர் விட்டமுள்ள முழுமரத் தூண் உண்டு. அப்படிப்பட்ட மரம் எத்தனை நாளைக்குக் காட்டில் இருக்கும்? ஜப்பானில் நாரா நகரத்துத் தோதாய்ஜி புத்தர் மண்டபத்தை 1709இல் மீண்டும் கட்டி முடித்தபோது பெரிய மரம் கிடைக்கவில்லை. நடுவில் ஒரு மரம், அதைச் சுற்றி அணைத்துக் கட்டிய பலகைத் துண்டுகள், வெளியே இரும்புப் பட்டை என்று தூண்களைச் செய்தார்கள். உலகின் மிகப் பெரிய மரக்கட்டடங்களில் ஒன்று அந்தத் தூண்களில்தான் நிற்கிறது.

இன்று பெரிய உருண்டைத் தூண் வேண்டும் என்றால் பெரும்பாலும் இந்த வழியின் வாரிசைத்தான் செய்கிறார்கள்: மரப்பீப்பாய் செய்வதுபோலப் பலகைகளை வட்டமாகச் சேர்த்து ஒட்டிய உள்ளீடற்ற தூண். பலகை இரண்டு அங்குலக் கனம், முன்பே காய்ந்தது, ஆகவே பிறகு வெடிக்கக் காரணமில்லை. ஆனால் இதில் கோணம் மன்னிப்பதே இல்லை. 12 பலகை என்றால் ஒவ்வொன்றின் இரு ஓரத்தையும் 15 பாகைச் சாய்வில் சீவ வேண்டும். ரம்பம் அரைப் பாகை தவறாக இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 பலகைக்கு 24 ஓரம், 24 அரைப் பாகை சேர்ந்து 12 பாகை. கடைசிப் பலகைக்கு வந்து சேரும்போது வாய் பிளந்து நிற்கும். அனுபவமுள்ளவர்கள் இதற்காகவே ஒரே வீச்சில் ஒட்டுவதில்லை. ஆறு ஆறாக இரண்டு அரைத்தூண்களை ஒட்டிக் காயவிட்டு, அந்த இரண்டின் விளிம்புகளையும் தட்டையாக இழைத்துச் சேர்ந்த பிழை முழுவதையும் அங்கே கழித்துவிட்டு, பிறகே இரண்டையும் இணைப்பார்கள். தேக்கில் எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருப்பதால் சீவிய கையோடு ஓரத்தைத் துடைத்து உடனே பசை பூச வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஒட்டு விட்டுப்போகும். உள்ளே அடைபட்ட ஈரம் வெளியேற மேலும் கீழும் காற்றுத் துளை வைப்பதும் கட்டாயம்.

உள்ளே வெற்றிடமாக இருக்கும் தூண் தாங்குமா? 40 சென்டிமீட்டர் தூணில் 5 சென்டிமீட்டர் சுவரை மட்டும் விட்டு நடுவை எடுத்துவிட்டால், மிஞ்சும் மரம் 44 சதவீதம். ஆனால் வளைவதை எதிர்க்கும் விறைப்பு 68 சதவீதம் மிஞ்சும். வளைவைத் தடுப்பதில் நடுவில் இருக்கும் மரத்துக்கு வேலை குறைவு, ஓரத்தில் இருப்பதற்கே வேலை அதிகம்.

இயற்கை இதை நமக்கு முன்பே செய்து வைத்திருக்கிறது. தொல்காப்பிய மரபியல், உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும் வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும் பிரிக்கிறது. தென்னை, பனை, கமுகு எல்லாம் இரண்டாவது வகை. தாவரவியலும் அவற்றை மற்ற மரங்களோடு சேர்ப்பதில்லை. மலாய்க் கடற்கரைகளில் படகுத்துறைக்கும் மீன்பிடி மேடைக்கும் ஊன்றிய நிபோங் பனையும் இதே இனம். வெளியே இரும்பு, உள்ளே பஞ்சு. கடலில் கால் நனைத்துக்கொண்டு நிற்கும் அந்தக் கம்பங்கள் யாரும் கடையாமலே உருண்டையானவை, யாரும் குடையாமலே உள்ளே லேசானவை. அவற்றில் ஆண்டு வளையமும் கதிர்த் திசுவும் இல்லை, ஆகவே தேக்குபோல நடுவரை ஓடும் பெரும்பிளவும் அவற்றில் விழுவதில்லை.

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வரலாம். வெடித்த முழுமரத் தூண் தாங்குமா? தேக்கின் சிறு துண்டைச் சோதனைக்கூடத்தில் நெடுக்காக நசுக்கினால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 50 நியூட்டனுக்கு மேல் தாங்கிய பிறகே நொறுங்கும். கணு, பிளவு, காலம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அதை 10 என்று குறைத்து வைத்துக்கொள்வோம். அப்படியும் 40 சென்டிமீட்டர் குட்டைத் தூண் 120 டன்னுக்கு மேல் சுமக்கும். வீட்டுக் கூரையிலிருந்து ஒரு தூணுக்கு வந்து சேர்வது சில டன்கள். தூணை அவ்வளவு பருமனாக வைத்தது பாரத்துக்காக அல்ல, கூடத்தின் கம்பீரத்துக்காக. பிளவும் நார் ஓடும் திசையிலேயே, அதாவது பாரம் இறங்கும் திசையிலேயே ஓடுகிறது. நாரை அது குறுக்கே அறுக்கவில்லை. ஆகவே தூண் அந்தப் பாரத்தைத் தொடர்ந்து தாங்கும். உத்திரம் செருகியிருக்கும் துளை வழியாகப் பிளவு ஓடினால், அல்லது பிளவு தூணைச் சுற்றித் திருகிக்கொண்டு போனால் மட்டும் விவரம் தெரிந்தவரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்.

பிளவைக் கண்டு பயந்தவர்கள் செய்யும் வைத்தியம்தான் உண்மையான கேடு. சிமெண்டு அல்லது கெட்டியான மக்கு வைத்துப் பிளவை அடைத்து மேலே பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். மழைக்காலத்தில் மரம் மீண்டும் ஈரத்தை வாங்கி விரியும். விரிய வேண்டிய இடத்தில் கல்லாக ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அது ஆப்பாக மாறிப் பிளவை இன்னும் ஆழத்துக்குத் தள்ளும். ஏர்கோன் வைக்கும் வீடுகளில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஜார்ஜ்டவுனின் வெளிக்காற்றில் ஈரப்பதம் 80 சதவீத அளவில் இருக்கும்போது மரம் 16 சதவீத ஈரத்தில் நிற்கும். ஏர்கோன் ஓடும் அறையில் அது 10 சதவீதத்துக்கு இறங்கும். அந்த 6 சதவீத வித்தியாசம் நம் தூணின் சுற்றளவில் இன்னொரு 8 மில்லிமீட்டர் இடைவெளியைத் திறக்கும். பழைய வீட்டில் புதிதாக ஏர்கோன் வைத்தவர்கள், "இத்தனை வருஷம் இல்லாமல் இப்போது வெடிக்கிறதே" என்று கேட்பதற்குப் பதில் இதுதான்.

மரத்தூணைக் கொல்வது அதன் பாதத்தில் இருக்கிறது. நெடுக்காக அடுக்கிய குழல்களின் வெட்டுவாய் அங்கேதான் தரையைத் தொடுகிறது. தரையில் ஈரம் இருந்தால் அந்த வாய் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை உளுக்கவைக்கும் பூஞ்சை வளராது. அதைத் தாண்டிவிட்டால் தேக்கோ செங்காலோ தாமதமாகும், தப்பாது. செட்டிநாட்டிலும் மலாய்க் கம்பத்து வீடுகளிலும் தூணை மண்ணில் புதைக்காமல் கல்லின் மேல் நிறுத்தியதன் காரணம் இது. அந்தக் கல்லைச் சுற்றிப் பிற்காலத்தில் யாரோ சிமெண்டுத் தரை போட்டு, தூணின் பாதத்தையும் சேர்த்துப் பூசிவிட்டால் 100 ஆண்டுப் பாதுகாப்பு ஒரே நாளில் போய்விடும். ஈரமான பாதத்தைக் கறையான் தேடி வரும். மலேசிய வீடுகளில் அதிகச் சேதம் செய்யும் கொப்டொடெர்மஸ் கெஸ்ட்ரோய் என்னும் நிலத்தடிக் கறையான், வெளித்தோலைத் தொடாமல் உள்ளே தின்றுகொண்டு போகும். வெடிப்பே இல்லாமல், பெயிண்ட் மின்ன, பார்க்க அழகாக நிற்கும் தூண் உள்ளே கூடாக இருக்கலாம்.

பாதம் கெட்டால் தூண் முழுவதையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. மேலே பாரத்தைத் தற்காலிக முட்டுகளில் ஏற்றி நிறுத்தி, நல்ல மரம் தெரியும் வரை கெட்ட பகுதியை அறுத்து, அதே இன மரத்தில் புதுப் பாதம் செய்து, கோர்வைப் பொருத்தாகச் சேர்க்க முடியும். நல்ல தச்சருக்கு அது தெரிந்த வேலை. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்த ஊரில் இந்த வேலை தெரிந்த கைகள் குறைந்துகொண்டு வருவதை நான் பெரிய இழப்பாகவே நினைக்கிறேன். புதுத்தூண் வாங்கிக்கொள்ளலாம் என்பதும் முன்போல நடக்காது. மியன்மார் 2014 ஏப்ரலிலிருந்து தேக்கை முழுமரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. செங்காலோ மெதுவாக வளரும் மரம், பருத்த மரம் கிடைப்பது அரிது. உங்கள் வீட்டில் நிற்கும் தூணின் பருமனில் இன்னொன்று எளிதில் வராது.

ஆகவே பழைய மரத்தூண் உள்ள வீட்டில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிளவை அப்படியே விட்டுவிடுங்கள், தூசியை மட்டும் துடைத்தால் போதும். தூணின் அடியில் குனிந்து பாருங்கள். பாதத்தைச் சுற்றிச் சிமெண்டு பூசியிருந்தால் அதைப் பெயர்த்து எடுக்கச் சொல்லுங்கள். தரைமட்டத்திலிருந்து முழங்கால் உயரம் வரை சிறு கொட்டாப்புளியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் மரம் நன்றாக இருக்கிறது. மொத்தென்று ஒலித்தால் குத்தூசியால் அழுத்திப் பாருங்கள். ஊசி சுலபமாக இறங்கினால் பெயிண்ட் கடைக்குப் போகாதீர்கள், தச்சரைக் கூப்பிடுங்கள்.